காபந்து இல்லாத உரிமம்

அண்ணா,

இன்று காலை என் மகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். கூடம் முழுக்க அந்த வாசனை. கையில் காபித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த எண்ணெய் வாசனைக்கு எனக்குத் தையல் ஞாபகம் வருவதே இல்லை. சனிக்கிழமை மதியம், வங்கியின் ஷட்டரைப் பாதி இறக்கியபின், பின்பக்க அறையில் பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு உங்கள் டபுள் பேரல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்களே, அதுதான் வரும். துப்பாக்கிக்கென்று தனி எண்ணெய் வாங்கக்கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். "இதுவும் மெசினு, அதுவும் மெசினு. இன்னா மேடம் பெரிய வித்தியாசம்?" என்றீர்கள்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே தெருவில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு போனது. வார்டு எண், வேட்பாளர் பெயர், சின்னம். நீங்கள் போனபின் வருகிற முதல் தேர்தல் இது. எங்கள் இரும்புலியூரில் யாருக்கும் இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கு மட்டும் உங்கள் உரிமத்தின் தேதி ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லை என்று தெரிந்தும் எழுதுவது என் தொழில் பழக்கம். உங்களுக்காக நான் எழுதிப் போட்ட மனுக்களையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தாம்பரம் கிளையில் பதினோரு வருடம் நீங்கள் வாசலில், நான் உள்ளே. ராணுவத்திலிருந்து வந்து, படப்பையில் வீடு கட்டிக்கொண்டு, செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் எங்களுக்குக் கன்மேனாக வந்தீர்கள். அந்த வேலைக்கு மீசையும் விறைப்பும் மட்டும் போதாது. சொந்தத் துப்பாக்கி வேண்டும், சொந்தப் பெயரில் லைசென்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஏஜென்சிக்கு நீங்கள் தேவையில்லை. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சுட வேண்டி வரவில்லை. பென்ஷன் வாங்க வரும் பாட்டிகளுக்குச் சலான் எழுதிக் கொடுக்கும்போது தோளிலிருந்து அது நழுவும், நீங்கள் முழங்கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மேலே எழுதுவீர்கள். உங்கள் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக வந்த ஆபீசர் ஒருவன், தன் அண்ணன் அமெரிக்காவில் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வந்த கதையைச் சொன்னான். அங்கே அது குடிமகனின் உரிமை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, எது வரைக்கும் செல்லும் என்றுதான் கோர்ட்டில் சண்டையே என்றான். நீங்கள் தயிர்சாதத்தை முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்: "அங்க உரிமை தம்பி. இங்க உரிமம். வாலு மட்டுந்தான் மாறுது. ஆனா அந்த வாலுக்கு மூணு வருசத்துக்கு ஒருவாட்டி நான் அலைஞ்சுகினு கீறேன்."

அந்த மூன்று வருடம் உங்களுக்குப் பெரிய மனத்தாங்கல். "எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சு வருசம், எம்.பி.க்கு அஞ்சு வருசம், டெல்லி மேல்சபைக்கு ஆறு வருசமாம். எனக்கு மட்டும் இன்னா மூணு? நான் இன்னா கட்சியா மாறப் போறேன்?" என்று என்னை ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் வம்புக்கு இழுப்பீர்கள். ஏதோ நான்தான் சட்டம் போட்ட மாதிரி. நானும் விடமாட்டேன். அவர்கள் ஊரெல்லாம் கும்பிட்டுப் புதுப்பிக்கிறார்கள், நீங்கள் ஒரே ஒரு ஆபீசில் கும்பிட்டால் போதும், லாபம் உங்களுக்குத்தான் என்பேன்.

பிறகு சட்டம் திருத்தினார்கள். துப்பாக்கி உரிமத்துக்கும் ஐந்து வருடம் என்று ஆனது. செய்தியைப் படித்துச் சொன்னது நான்தான். அடுத்த புதுப்பித்தல் ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் வந்தது. புதுத் தேதி போட்ட உரிமத்தை மிட்டாய் கொடுப்பது போல எல்லா மேஜைக்கும் கொண்டுவந்து காட்டினீர்கள். "இப்ப நானும் எம்.எல்.ஏ.வும் ஒண்ணு மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே டெர்ம்."

"இனிமே உங்க தேதி எனக்கு மறக்கவே மறக்காதுண்ணா. தேர்தல் வந்துச்சுன்னா உங்களுக்கும் முடியுதுன்னு அர்த்தம்" என்றேன். கேஷியர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்தத் தேதியில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த படித்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரிசல்ட் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் காவலர்களுக்கு விலக்கு கேட்டு எழுதலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தக் கடிதத்தை நான் டைப் செய்வேன், மேனேஜர் கையெழுத்துப் போடுவார், விலக்கு வந்துவிடும். போன சட்டமன்றத் தேர்தலுக்கும் அப்படித்தான் அனுப்பினோம். வரவில்லை. தேர்தல் முடிவதற்குள் உரிமம் காலாவதி ஆகிறது, எனவே விலக்கு இல்லை, துப்பாக்கியை ஒப்படைக்கவும் என்று பதில் வந்தது.

அந்த மதியத்தை நான் எத்தனை தடவை திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தேர்தல் பணிப் பயிற்சி முடித்துவிட்டு, வேர்த்து வடிந்து, தலைவலியோடு சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் மேஜையில் ஒரு வாரத்துப் பேப்பர் குவிந்திருந்தது. நீங்கள் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"குடுத்துட்டு வந்துடறேன் மேடம். ஆனா கையோட ரெனியூவலுக்கும் மனு போட்ரலாமா? தேதி வந்துகினு கீது."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்பப் போனா யாருண்ணா இருக்கப் போறாங்க? என்னையே டூட்டில போட்டிருக்காங்க. எல்லா ஆபீசும் காலியாத்தான் கிடக்கும். ரிசல்ட் வரட்டும், நானே உட்கார்ந்து எழுதித் தரேன்."

"சரி மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்து, புள்ளையை ஹாஸ்டலில் விட்ட மாதிரி இருக்கிறது என்றீர்கள். ரைட்டர் கொடுத்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். வெறும் தோளோடு வாசலில் நின்றது உங்களுக்கும் பிடிக்கவில்லை, பார்க்க எங்களுக்கும் நன்றாக இல்லை.

ரிசல்ட் வந்தது. யாரோ ஜெயித்தார்கள், வெடி வெடித்தார்கள். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனீர்கள். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார் என்று சொன்னீர்கள். "லைசென்ஸ் முடிஞ்சுபோச்சே சார். முடிஞ்ச லைசென்சுக்கு நான் எப்படி கன்னைக் குடுக்கறது? புதுப்பிச்சுகினு வாங்க, அன்னிக்கே எடுத்துகினு போலாம்." உரிமம் புதுப்பிக்கிற அலுவலகத்துக்குப் போனால் துப்பாக்கியைக் காட்டி ஆய்வுச் சான்று வாங்கி வா, வேலை பார்க்கிற இடத்திலிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள். ஏஜென்சியில் கேட்டால், கையில் துப்பாக்கி இல்லாதவரைக் கன்மேன் என்று எப்படிக் கடிதம் தருவது என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் சட்டப்படி சரி. மூன்றும் சரியாக இருந்ததால் நீங்கள் நடுவில் நசுங்கினீர்கள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் உங்களோடு அந்த அலுவலகத்துக்கு வந்தேன். ஆபீசர் என்று சொன்னால் மதிப்பார்கள் என்று ஒரு நப்பாசை. கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், பேப்பரையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். நீங்கள் அவரிடம் கேட்டீர்கள்: "கவர்மெண்டுக்கு டெர்ம் முடிஞ்சாக்கூட, புது ஆளு வர்ற வரைக்கும் காபந்துன்னு ஒண்ணு ஓட்டறாங்களே சார். எனக்கு அந்த மாரி எதுவும் கிடையாதா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார். "இருக்கே சார். தேதி முடியறதுக்கு முன்னாடி மனு குடுத்திருந்தீங்கன்னா, அந்த ரசீதுதான் உங்களுக்குக் காபந்து. அத வெச்சே எல்லாம் நடந்திருக்கும். ஏன் குடுக்காம விட்டீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தெரியாம போச்சு சார்" என்றீர்கள். வெளியே வந்து ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னிக்கு வெயில் பேஜார் மேடம், நீங்க ஒரு ஆட்டோ புடிச்சு வூட்டுக்குப் போங்க" என்றீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. வராவிட்டாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

கொஞ்ச நாளில் வங்கி வாசலில் லத்தியோடு வேறொருவர் வந்தார். நீங்கள் பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதினீர்கள். நான் பார்க்க வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டு நின்றுகொண்டீர்கள். "இங்க நிம்மதி மேடம். எலெக்சன் வந்தா பேனாவை ஒப்படைக்கச் சொல்ல மாட்டாங்க." பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் காருக்குள்ளிருந்து ஹாரன் அடித்தான், நீங்கள் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தீர்கள். நீங்கள் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். அன்று உங்கள் உரிமத்துக்காக மேலதிகாரிகளுக்கு இரண்டு மனு எழுதினேன், பிறகு இன்னும் இரண்டு. ஒன்றுக்காவது பதில் வரும் என்று நீங்கள் நம்பினீர்களா, எனக்காக நம்புகிற மாதிரி இருந்தீர்களா?

அந்தக் கேட்டிலேயே ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

காரியம் முடிந்து சில நாள் கழித்துப் படப்பைக்குப் போனேன். வாரிசுகள் துப்பாக்கியைக் கேட்கிறீர்களா, அரசிடம் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்திருந்தாராம். அண்ணி, வேண்டாம் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். உங்களுக்காக நான் எழுதிய கடிதங்களில் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். பிறகு, ஏதோ கறிகாய் விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"அவரு அப்பவே போனாரு மேடம். ஆபீசுல ஆளு இருக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்களே, அந்த வாரமே. அந்தப் பக்கம் ஒரு வேலையா போனவரு, மனுவையும் எழுதி எடுத்துகினுதான் போனாரு."

"ஆபீஸ் பூட்டியிருந்துதா அண்ணி?"

"தொறந்துதான் இருந்துச்சாம். கூட்டமே இல்லியாம். உள்ள இருந்தவரு, குடுங்க சார் வாங்கிக்கறேன்னு கையக்கூட நீட்டுனாராம். இவருதான், மேடம் ரிசல்ட் வரட்டும்னு சொல்லிகீறாங்க, அவங்களைக் கேக்காம குடுத்தா மரியாதை இல்லன்னு திரும்பி வந்துட்டாரு. அவங்க ஆபீசரு, அவங்களுக்குத் தெரியாததான்னு சொன்னாரு." தாளை மடித்து என்னிடம் நீட்டி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க எவ்ளோ செஞ்சீங்க" என்றார்.

அந்த மனுவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னைவிட நல்ல எழுத்து. கீழே உங்கள் கையெழுத்து, பக்கத்தில் தேதி. உரிமம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்த தேதி. என் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் சில்லறைக்குக் கையை விடும்போதெல்லாம் விரலில் படுகிறது. எடுத்துக் கொடுக்க இனி எந்தக் கவுண்டரும் இல்லை. அன்று ஒன்று இருந்தது அண்ணா. ஆள் இருந்தார், கூட்டம் இல்லை, கையையும் நீட்டினார். நீங்கள்தான் என்னை நம்பினீர்கள்.