தேய்ந்த காசுகள்

அரக்கோணம்,
3.11.2024

அன்புள்ள தன்சீல் பாய்க்கு,

இங்கு எல்லோரும் நலம். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, கேட்டால் மெஷின் சத்தம் என்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் பழங்காசுப் படங்கள் பார்க்கும் இணையதளத்தை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். என் வீட்டு நெட்டில் ஒரு படம் இறங்குவதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடலாம். உங்கள் தோல் டேனரி ஆபீசில் நல்ல லைன் இருக்கிறது. எல்லாவற்றையும் விளக்கத்தோடு பென்டிரைவில் இறக்கி அனுப்புங்கள். போன தடவை மாதிரி லிங்க்கை மட்டும் வைத்துக்கொண்டு 'சேவ் பண்ணிட்டேன்' என்று சொல்லாதீர்கள்! விரிஞ்சிபுரத்தில் வாங்கினேனே ஒரு செப்புக்காசு, அது எந்த ராஜாவுடையது என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்புடன்,
ஜெயசீலன்

ஆம்பூர்,
26.11.2024

அன்பு ஜெயசீலன் அண்ணே,

சலாம். பென்டிரைவ் இத்துடன். சத்தியமாகப் படங்கள்தான், லிங்க் இல்லை. "இன்னா பாய், ஆர்டரை வுட்டுட்டு காசு பாத்துட்டு இருக்கீங்க?" என்று முதலாளி மகன் கேட்டதையும் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

கேட்காமலே இன்னொரு உதவியும் செய்திருக்கிறேன். தோலைத் தரம் பிரிப்பதுதானே என் வேலை? பளிச்சென்று இருக்கும் காசுகள் மட்டும் உங்களுக்கு. தேய்ந்தது, உடைந்தது, முகம் தெரியாதது எல்லாம் ரிஜெக்ட். பார்த்தால் நீங்களே மெச்சுவீர்கள்.

உங்கள்,
தன்சீல் அகமது

அரக்கோணம்,
4.12.2024

பாய்,

மெச்சுவதா? அழுகைதான் வந்தது. பளபளக்கிற காசை அடையாளம் காண யாருக்குப் படம் வேண்டும்? என் கையில் இருப்பது தேய்ந்த காசு. அதே மாதிரி தேய்ந்த ஒன்று அந்தத் தளத்தில் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். இப்போது தளத்தையே மூடிவிட்டார்கள். இனி எங்கே போய்த் தேடுவேன்?

"ஒரு காசுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு, சாப்புட வாங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி சோபனா. எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன். நம் பழக்கம் இத்தோடு போதும்.

ஜெயசீலன்

ஆம்பூர்,
11.12.2024

அண்ணே,

படித்ததும் எனக்கும் கோபம் வந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷமாக எங்கள் ஊருக்கு வந்து போகிறீர்கள். எந்த டேனரியில் ரிஜெக்ட்டைக் குப்பையில் போட்டதைப் பார்த்தீர்கள்? தனியாகக் கட்டி வைப்போம், அதற்கும் ஒருநாள் ஆள் வரும். உங்கள் தேய்ந்த காசுகளும் என் கம்ப்யூட்டரில் தனியாகத்தான் இருந்தன. 'எங்கே அது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இரண்டாவது பென்டிரைவ் இத்துடன். உங்கள் காசின் ஜோடி அதில் இருக்கிறது. யாருடையது என்று சொல்லமாட்டேன், நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

உங்கள் போன கடிதமும் ரிஜெக்ட்தான். அதையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

தன்சீல்