பதினாலாயிரம் பேருக்குப் போன செய்தி

குவாதலஹாரா,
வியாழக்கிழமை, இரவு 11.40

என் உபால்தோவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நானும் ஹிமேனாவும் நலம். அவள் இப்போதுதான் தூங்கினாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையால் தட்டுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்.

உன் கப்பல்காரர்களிடம் ஒன்று கேட்டுச் சொல். கண்டம் விட்டுக் கண்டம் கடலுக்கடியில் இணையக் கம்பி போடுகிறவர்கள், கப்பலில் இருப்பவர்களுக்கு மட்டும் வாரம் ஒரு கடிதம், அதுவும் படம் இல்லாமல் என்று சட்டம் வைத்திருக்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? என் அலுவலகத்தில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபெர்மின் மட்டும், "பேக்கரிக்காரன் வீட்ல என்னிக்கு ரொட்டி இருந்துருக்கு?" என்றான். அதனால் படம் கிடையாது. எழுத்திலேயே பார்த்துக்கொள்: மகளுக்குக் கன்னம் இரண்டும் வந்துவிட்டன. முடி முன்னால் கொட்டிப் பின்னால் மட்டும் இருக்கிறது. உன் அப்பா மாதிரியே.

நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன குழந்தைக் காமிராவைக் கழற்றிவிட்டேன். போன வாரம் அவள் வீறிட்டபோது செயலியைத் திறந்தேன். கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதாம். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி போட்டுப் புதிதாக அமைக்கச் சொன்னது. அடுத்த அறைக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டேன். ஆறு அடி. நீ பெட்டிகளை நம்புகிறவன். நான் பெட்டிக்குள் ஓடுவதை எழுதுகிறவள், அதனால்தான் நம்புவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. மருந்துக் கடைக்காரர்களுக்காக நாங்கள் செய்யும் அந்த நினைவூட்டல் வேலைதான் இப்போதும். 'உங்கள் மாத்திரை தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று வாடிக்கையாளர் கைபேசிக்குப் போகுமே, அது. அதற்கு இரண்டு திரை உண்டு. ஒன்று சோதனைத் திரை. அதில் என்ன எழுதி அனுப்பினாலும் வெளியே யாருக்கும் போகாது. மற்றது நிஜத் திரை. இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நிஜத் திரைக்குச் சிவப்பு வண்ணம் அடிக்க வேண்டும் என்று போன நவம்பரில் முடிவு செய்தோம். எந்தச் சிவப்பு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எட்டு மாதம், உபால்தோ! ஃபெர்மினுக்குத் தக்காளிச் சிவப்பு, எங்கள் தலைவி நயெலிக்குச் செங்கல் சிவப்பு. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேசி முடிக்க வேண்டிய கூட்டம் ஐம்பது நிமிடம் போகிறது. நிற்க வைத்தால் சீக்கிரம் முடிப்பார்கள் என்று கண்டுபிடித்தவன் எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை என் கணினி புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்து முப்பத்தேழு விழுக்காட்டில் நின்றுவிட்டது. எங்கள் அலுவலகப் பெரியவர் தோன் எவரிஸ்தோவை உனக்கு நினைவிருக்கும். அறுபத்தொரு வயது, நம் கல்யாணத்தில் உன் சித்தியோடு ஆடியவர். "எதுக்கு அந்த நீலத் திரையையே மொறைச்சுக்கிட்டு இருக்கீங்க, இன்ஜினியரம்மா? நான் காபிக்குப் போறேன். என் இடத்துல உக்காந்து பாருங்க," என்றார். உட்கார்ந்தேன். சோதனைக்கு ஏதாவது ஒரு வாசகம் அடிக்க வேண்டும். மற்றவர்கள் 'வணக்கம் வணக்கம்' என்று அடிப்பார்கள். நான் மனதில் இருந்ததை அடித்தேன்.

'குழந்தை மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. டாக்டர் சரி என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.'

அனுப்பினேன். அவர் கணினியில் திறந்திருந்தது நிஜத் திரை.

பதினாலாயிரம் பேருக்குப் போய்விட்டது. ஜபோபன், தோனலா, த்லாகெபாகெ என்று ஊர் முழுக்க. சர்க்கரை மாத்திரைக்குக் காத்திருந்தவர்கள், இரத்த அழுத்தக்காரர்கள், எல்லோருக்கும், மருந்துக் கடையின் பெயரோடு.

எனக்கு முதலில் தெரியவில்லை. என் இடத்துக்குத் திரும்பி வந்து முப்பத்தெட்டு விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நயெலிக்கு அவள் அம்மாவிடமிருந்து தொலைபேசி. அம்மா போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது: "எவடி அவ? மூணு நாளா போகாத பிள்ளைக்கு நான் என்னடி பண்ணணும்?"

பதிவேட்டில் பார்த்தார்கள். அனுப்பியவர் பெயர் எவரிஸ்தோ. அவருக்குப் போன மாதம்தான் பேத்தி பிறந்திருந்தாள். அதோடு முடிந்தது விசாரணை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, "வயசாயிடுச்சுப்பா, கண்ணு சரியாத் தெரியலை," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். எதை யார் உடைத்தாலும் அன்று மதியம் எல்லோருக்கும் தோர்த்தா ரொட்டி வாங்கித் தர வேண்டும். அவர் மழையில் போய்ப் பன்னிரண்டு தோர்த்தா வாங்கி வந்தார். "கம்ப்யூட்டர் முட்டாள்னு யாருடா சொன்னது? சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அது. அதான் ஆபத்து," என்று சொல்லிக்கொண்டே எனக்குக் காரம் குறைத்த குழம்பில் முக்கியதை எடுத்துக் கொடுத்தார். பால் கொடுக்கிறவள் என்று. அதை நான் தின்றேன், உபால்தோ. முழுவதும் தின்றேன்.

நேற்று காபி இயந்திரத்தின் அருகே ஃபெர்மின் மெதுவாகச் சொன்னான். மருந்துக் கடைக்காரர்கள் கோபமாக இருக்கிறார்களாம், அனுப்பிய ஆள் வேண்டாம் என்கிறார்களாம். எவரிஸ்தோவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள். "அறுபத்தொண்ணு வயசுல எவன் வேலை தருவான்? நமக்கே இன்னும் ஆறு மாசம்தான், அப்புறம் எல்லாத்தையும் செயற்கை அறிவு எழுதிடும்," என்றான். இந்த ஆறு மாதத்தை அவன் இரண்டு வருடமாகச் சொல்கிறான். மன்னிப்புக் கடிதத்தைக்கூட அந்தச் செயற்கை அறிவிடம்தான் எழுதி வாங்கினான். அது உருகி உருகி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியில் வாடிக்கையாளர் எல்லோருக்கும் பாதி விலையில் மருந்து என்று அறிவித்துவிட்டது. நயெலி கடைசி நொடியில் பிடித்தாள். அவன் வேலை ஒன்றும் போகாது.

எனக்கு வேலை போகலாம். அதைத்தான் நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஹிமேனாவின் மருத்துவக் காப்பீடு என் வேலையில் இருக்கிறது. உன்னுடையது கடலில் விழுந்தால் உன்னைத் தூக்க மட்டும். வீட்டில் இருந்து வேலை பார்க்க வாரத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் இரண்டு நாளை எடுத்துவிட்டாலே போதும், நான் முடிந்தேன். மாலையில் எவரிஸ்தோவிடம் போய், "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்லணும்? உங்களுக்குக் கைக்குழந்தை. என்னைத் திட்டினா ஒரு காதுலதான் விழும், இன்னொண்ணு ஏற்கெனவே போச்சு," என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று காலை கூட்டம். இப்படிப்பட்ட கூட்டத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: எப்படி நடந்தது என்றுதான் பேச வேண்டும், யார் என்று பேசக் கூடாது. நாகரிகமான விதி என்று நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்றுதான் தெரிந்தது, பெயர் சொல்லாத கூட்டத்தில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்று. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

மருந்துக் கடை சார்பில் செனோர் பாரகான் திரையில் வந்தார். முகம் சிவந்து, விரலை ஆட்டி, இரண்டு நிமிடம் பேசினார். ஒலியை அணைத்து வைத்திருந்தார். யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. கடைசியில் எவரிஸ்தோதான், "செனோர், நீங்க மியூட்ல இருக்கீங்க," என்றார். அவர் ஒலியைத் திறந்தபோது கோபத்தில் பாதி தீர்ந்திருந்தது. மீதிப் பாதியில், "அந்தப் பெரியவரை மாத்துங்க," என்றார்.

எழுந்தேன். "அனுப்பினது அவர் இல்லை, நான். அவர் இடத்துல உக்காந்து அனுப்பினேன். அது என் பொண்ணு. ரெண்டு நாளா நான் வாயைத் திறக்கலை, அது அனுப்பினதைவிடப் பெரிய தப்பு," என்றேன். விதியை மீறி என் முழுப் பெயரையும் சொன்னேன். சட்டையில் பால் கசிந்தது. ஃபெர்மின் எதுவும் சொல்லாமல் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தான்.

பாரகான் மறுபடியும் ஒலியை அணைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, பிள்ளை வெளிக்குப் போச்சா இல்லையா?" என்றார். செவ்வாய் சாயங்காலமே போய்விட்டது, மூன்று துணி மாற்றினேன் என்றேன். "அதைச் சொல்லும்மா முதல்ல! ரெண்டு நாளா எங்க கடைக்கு வர்றவங்க எல்லாம் மருந்து கேக்கறதில்லை, அதைத்தான் கேக்கறாங்க," என்றார்.

பதில்கள் வந்திருந்தன, உபால்தோ. யாரும் பார்க்காத ஒரு பெட்டியில் ஆயிரத்து நூறுக்கு மேல். கொஞ்சம் பேர் திட்டியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் எனக்குப் பதில் எழுதியிருந்தார்கள். 'என் பையன் ஆறு நாள் போகலை, இப்ப லாரி ஓட்டுறான்.' 'வயித்தை வட்டமாத் தேய், மகளே.' 'நீ பப்பாளி சாப்பிடு, பிள்ளைக்குக் கொடுக்காதே.' தோனலாவில் ஒரு மனிதர், 'எனக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க,' என்று எழுதியிருந்தார்.

பாரகான் கேட்டபடி இன்னொரு செய்தி அனுப்பினோம். நான் அடித்தேன், ஐந்து பேர் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்கள்: 'தவறுக்கு மன்னிக்கவும். குழந்தை நலம். தாயும் நலம். நன்றி.' நிஜத் திரைக்குச் சிவப்பும் வந்துவிட்டது. நயெலி யாரையும் கேட்காமல் பத்து நிமிடத்தில் அடித்தாள். அசிங்கமான சிவப்பு.

என் வேலை இருக்கிறது. காப்பீடும் இரண்டு நாளும் இருக்கின்றன. என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியிருக்கிறது. மூன்று மாதம் நிஜத் திரையை நான் தொடக் கூடாது. நியாயம்தான். எவரிஸ்தோவுக்கு ஒரு வருட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நாளைக்குத் தோர்த்தா என் முறை.

கூட்டம் முடிந்ததும் நயெலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். "இதை ஏன் சோதனைத் திரையில எழுதினே, அரெலி? வீட்ல சொல்ல ஆள் இல்லையா?" இருக்கிறார் என்றேன். கப்பலில் இருக்கிறார், கவலைப்படுவார் என்று எழுதவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய போன வாரக் கடிதத்தில் உனக்கு 'எல்லாம் நலம், மழை அதிகம்' என்று எழுதினேன், நினைவிருக்கிறதா? அன்றைக்கு அவள் போகாமல் இரண்டாவது நாள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நான் நம்பிய ஒரே இடத்தில் உண்மையை எழுதினேன். ஊரே படித்தது. நீ மட்டும் படிக்கவில்லை.

இனி பயம் வந்தால் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். ஏழு நாள் கழித்துப் படித்தாலும் பரவாயில்லை. ஆனால் நீயும் எழுத வேண்டும். உன் கடிதங்களில் மூன்று மாதமாகக் கடல் அமைதியாகவே இருக்கிறது. எந்தக் கடலும் அப்படி இருக்காது, உபால்தோ. ஒரு அலையாவது அடித்திருக்கும். அதை எழுது.

குவாதலூபே மாதா உன்னையும் அந்தக் கப்பலையும் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். உன் மகளின் உள்ளங்கால் முத்தம் இத்துடன்.

உன்,
அரெலி