பெட்டியில்லாமல் போன பலூன்

வானத்தை வேவு பார்க்கும் என் மகளுக்கு, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மலைக்குளிருக்குக் காலுறை போடுகிறாயா, இல்லை வழக்கம்போல வெறுங்காலோடு திரிகிறாயா?

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று காதைத் தீட்டுவார். அதனால்தான் இந்த மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. தப்பு இருந்தால் சிரித்துக்கொள், திருத்தாதே.

உன் கடிதம் போன வாரம் வந்தது. காற்றை அளக்கப் பலூன் விட்டாயாம், அளக்கிற பெட்டியைக் கட்ட மறந்துவிட்டாயாம்! பலூன் ஜாலியாக மேலே போக, பெட்டி உன் காலடியிலேயே உட்கார்ந்திருந்ததாம். நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. ஆனால் உங்கள் வானிலைப் பயிற்சி ஐயா எல்லோர் முன்னாலும், "இருபத்தாறு வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டாராமே. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

பழைய இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உன் நாற்காலி இன்னும் காலி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வந்துவிடட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவுக்கு அது போதும். "வரச் சொல்லு, நான் அப்பவே சொன்னேன்ல" என்று உன் அறைக்குப் புது பல்பு மாட்டிவிட்டார். விசிலடித்துக்கொண்டே தூசி தட்டுகிறார்.

என் கூத்தைக் கேள். திங்கட்கிழமை போனில், நாளைக்கு மழை இல்லை என்று சொன்னாயே. மறுநாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், "எம்மக சொல்லிட்டா, எல்லாத்தையும் மாடிக்குத் தூக்குங்கடி" என்று நாட்டாமை பண்ணி, நூற்றிருபது படுக்கை விரிப்புகளையும் மொட்டைமாடியில் காயப்போட்டேன். பதினோரு மணிக்குக் கொட்டு கொட்டென்று கொட்டியது. நீ சொன்னது உன் மலைக்காம்! வானம் ஒன்றுதானே என்று நான் நினைத்துவிட்டேன். இஸ்திரி போடும் அக்கா, "உம்மக யார் வீட்டு வானத்தப் படிக்கிறா?" என்று இன்னும் விடாமல் கேட்கிறாள்.

எல்லோரும் உள்ளே ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய் விரிப்புகள் மெல்ல அசைய, மேகத்துக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. எது துணி, எது மழை, எது நான் என்றே தெரியவில்லை. உன் பலூன் ஒரு சுமையும் இல்லாமல் எந்த ஊருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். மேற்பார்வை அம்மா வந்து கத்துகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

அந்த ஆபீஸுக்கு ஐந்து வருஷம் போனாய். தினமும் சாயங்காலம், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்பாய். இப்போது மூன்று பக்கம் அழுது எழுதியிருக்கிறாய். அதில் ஒரு முழுப் பக்கம், மலை உச்சியில் காற்று எப்படித் திரும்புகிறது என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு தடவை படித்தேன்.

வராதே கண்ணு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அந்த ஆபீஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. காலையிலேயே சொல்லிவிடு தாயே. சாயங்காலம் வரைக்கும் விட்டால், நானே போன் போட்டு வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா