நாற்காலி மட்டும்தான் போனது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது, கிடங்குக்குள் சிக்னல் சரியில்லையென்று வாசலுக்கு வந்து பேசினேன். "சாமி கும்பிட்டியாடா?" என்றீர்கள். "ஆச்சும்மா, வேலை தலைக்கு மேல கெடக்கு" என்று எரிந்து விழுந்தேன். கும்பிட்டதாகச் சொன்னது பொய்தான். திரும்பிப் போனால், பெயிண்ட் டின் அடுக்கிய அலமாரி சரிந்து என் நாற்காலி அப்பளமாகக் கிடந்தது. பயப்படாதீர்கள், நாற்காலி மட்டும்தான் போனது.

வியாபாரத்தில் பேசி வாங்கியதெல்லாம் என் சாமர்த்தியம். கேட்காமலே கிடைத்த இந்த உயிருக்கு நன்றி சொல்லாமல் போனால் நான் என்ன மனுஷன்? கைகூப்பி நின்றேன், வார்த்தை வரவில்லை. காலையில் நீங்கள் பாடுவீர்களே, அந்தப் பாட்டை எழுதி அனுப்புங்கள். கூடவே இருந்தபோது காதில் வாங்கவில்லை.

லாரி வந்துவிட்டது. அடுத்த முறை கூப்பிடும்போதும் "சாமி கும்பிட்டியாடா?" என்றே கேளுங்கள், அம்மா.

உங்கள் மகன்