பூசைக்குப் போன மடிக்கணினி

8 செப்டம்பர் 2025, திங்கள்

ஜாஸ்பின் இன்றும் கல்லூரி ஆசிரியர் வாட்ஸாப் குழுவில் ஒரு நுணுக்கம் போட்டிருந்தாள். கணினித் துறை, என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். தினமும் காலை எட்டு மணிக்கு விண்டோஸைப் பற்றி ஒரு குறிப்பு போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இன்றையது: தவறி மூடிவிட்ட இணையப் பக்கத்தை மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தித் திரும்ப வரவழைக்கலாமாம். மூடியது மூடியதுதான் என்று பழகியவள் நான். பதில் போடவில்லை.

பிறகு, எங்கள் தாவரவியல் துறை அறையில் யாரும் இல்லாதபோது அழுத்திப் பார்த்தேன். வந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

ஸ்காட்லாந்தில் ஒரு கடல் ஆய்வு நிலையம். கடற்பாசிகளில் வேலை செய்பவர்களை எட்டு வாரம் அழைக்கிறார்கள், அடுத்த மே, ஜூனில். செலவு அவர்களுடையது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 1, நம் நேரம் மாலை நாலரை. ஐம்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. எனக்குப் பிப்ரவரியில் நிறைகிறது. அதாவது, இதை விட்டால் இல்லை.

முட்டம் முதல் குளச்சல் வரை பதினோரு வருடம் பாறை பாறையாக வழுக்கி விழுந்து சேர்த்த பட்டியல், நூற்று நாற்பத்து மூன்று இனங்கள், என் மடிக்கணினியில் கிடக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை. இவர்கள் கேட்கிறார்கள்.

சிக்கல் மாமா. என் மாமனார் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறார். என் கணவர் பொன்னுலிங்கத்துக்குக் கஞ்சி கொடுக்கத் தெரியும். கஞ்சி வைக்கத் தெரியாது. எட்டு வாரம் பார்த்துக்கொள்ளக் கூடியவர் ஒருவர்தான். குலசேகரத்தில் மகனோடு இருக்கும் நாத்தனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ராஜமணி அக்கா. அவரிடம் கேட்பதைவிட விசா அதிகாரியிடம் கேட்பது எளிது.

16 செப்டம்பர், செவ்வாய்

மானக்கேடு.

விண்டோஸ் பொத்தானோடு வி எழுத்தை அழுத்தினால் நாம் கடைசியாக நகலெடுத்த இருபத்தைந்து விஷயங்கள் வரிசையாக வரும். போன வாரமே ஜாஸ்பினின் குறிப்பைப் படித்து அதை இயக்கிவைத்து, மறந்தும் விட்டேன். இன்று அவளே வந்து, "வேலை செய்யுதா மேடம்?" என்று என் மேசையில் சாய்ந்து அழுத்தினாள். பாசிகளின் லத்தீன் பெயர்களுக்கு நடுவே:

அக்கா வணக்கம், ஒரு சிறு உதவி.

அக்கா வணக்கம், நலமா? நீங்கள் இங்கே வந்து தங்கினால் மாமாவுக்கும் ஒரு மாற்றமாக.

அக்கா வணக்கம், எனக்கு ஒரு வாய்ப்பு வந்தாலும் வரலாம் என்பதால்.

எல்லாம் வாட்ஸாப்பில் ஒட்டி, அனுப்பாமல் அழித்தவை. நான் அழித்தேன், விண்டோஸ் அழிக்கவில்லை.

"ஆரு மேடம் இந்த அக்கா? ஒம்பது தடவை வணக்கம் சொல்லியிருக்கியளே, ஒரு தடவையாவது அனுப்புனியளா?"

விண்ணப்பத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

17 செப்டம்பர், புதன்

பட்டியலைக் கிளவுடில் ஏற்றச் சொல்கிறாள் ஜாஸ்பின். அது யாருடைய கணினி என்று கேட்டேன். எங்கேயோ ஒரு ஊரில் இருக்குமாம். முன்பின் தெரியாதவன் கையில் என் பாசியை எதற்குக் கொடுக்க வேண்டும்?

"ஒங்க பாசி அவனுக்கு எதுக்கு மேடம்? வழியில கெடந்தாலும் எடுக்க மாட்டான்."

மறுத்துவிட்டேன்.

22 செப்டம்பர், திங்கள்

ராஜமணி அக்கா நவராத்திரிக்கு வந்துவிட்டார், விஜயதசமி வரை. கேட்க நல்ல சமயம். கேட்கவில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

சாப்பிடும்போது அக்கா அறிவித்தார். "திங்கக்கெழம சாயங்காலம் பூச வெப்பு. எழுத்து உள்ள சாதனம் எல்லாம் எடுத்து வை."

புதன்கிழமைதானே சரஸ்வதி பூசை என்றேன். திருநெல்வேலியில் என் பிறந்த வீட்டில் புத்தகம் ஒரு நாள்தான் பூசையில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. அஷ்டமி அந்தியில் வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. மாமியார் காலமானபின் நான் அதை ஓசையில்லாமல் ஒரே நாளாகச் சுருக்கியிருந்தேன். அது இன்றுதான் அக்காவுக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மடிக்கணினியுமா அக்கா?"

"அதுல எழுத்து உண்டா, இல்லியா?"

"உண்டு."

"பெறவென்ன?"

"அப்போ போன்?"

"அது பேசதுக்குள்ளதுல்லா."

திங்கள் அந்தி முதல் வியாழன் காலை வரை. விண்ணப்பக் கடைசி நாள் புதன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் எட்டு வாரம் உதவி கேட்கப் போகிறவரிடம் அதைச் சொல்லும் நேரமா இது? திங்களுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

29 செப்டம்பர், திங்கள்

அனுப்ப முடியவில்லை. கல்லூரி முதல்வரின் தடையில்லாச் சான்றை ஏற்றாமல் அந்த இணையதளம் முதல் பக்கத்தைத் தாண்ட விடாது. நாளைக்குத்தான் கையெழுத்தாகுமாம்.

மதியம் ஜாஸ்பினிடம் போய் நின்றேன். வேறு வழி? சிரிப்பை அடக்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் எல்லாம் செய்தாள். கணினி தூங்கக் கூடாது, மூடினாலும் அணையக் கூடாது என்று மின்சார அமைப்பில் மாற்றினாள். பிறகு ஒரு செயலி. அதன் வழியே என் கைபேசியிலிருந்தே கணினியை இயக்கலாம். ஆறு இலக்க ரகசிய எண்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"தொடக்கூடாதுன்னுதானே சொன்னாவ? தொடாண்டாம் மேடம்."

என் சந்தேகம் தீரவில்லை. கோப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவிலும் போட்டு வைத்தேன்.

அந்தியில் அக்கா கூடத்தின் மூலையில் பட்டு விரித்தார். என் பாசி நூல்கள், பேனாக்கள், கால்குலேட்டர், மாமாவின் மருந்துச் சீட்டுகள் எல்லாம் போயின. பொன்னுலிங்கம் டிவி ரிமோட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்ததை அக்கா எடுத்துப் பார்த்தார்.

"இது என்னதுட்டி?"

"பென் டிரைவ்."

"பேர்லயே பென் இருக்கு." அதற்கும் குங்குமம்.

மடிக்கணினியை நான் மூடித்தான் வைத்தேன். அவர் திறந்துவிட்டார். "மூடி வச்சா பெட்டி. தொறந்து வச்சாத்தான் பொஸ்தகம்." கேமரா இருக்கும் இடம்தான் நெற்றி என்று அங்கே சந்தனம். மின்வயர் எதற்கு என்றார். பாட்டரி செத்துவிடும் என்றேன்.

"பூசையில இருக்கப்பட்டது சாவக்கூடாது" என்று அவரே எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தேடி எடுத்து வந்து சொருகினார்.

30 செப்டம்பர், செவ்வாய்

பகல் ஒரு மணிக்கு அலுவலக உதவியாளர் ததேயுஸ் சான்றைப் படமெடுத்து அனுப்பினார். மூன்று மணிக்குப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் அந்தச் செயலியைத் திறந்தேன். ஆறு இலக்கம். உள்ளங்கைக்குள் என் கணினித் திரை, 211 கோப்புகளும் எறும்பு மாதிரி. சிரிப்பே வந்துவிட்டது.

அப்போது கூடத்தில் அக்காவின் குரல். "ஏலே பொன்னு, இது முழிச்சிட்டு!"

இங்கே நான் இணைந்தால் அங்கே திரை ஒளிரும் என்று ஜாஸ்பின் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உடனே துண்டித்தேன். அது அப்படித்தான் அக்கா, தானாக எழுந்து தானாகத் தூங்கும் என்று இவர் சொல்வது கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பாட்டுப் பாட வந்தார்கள். அக்கா இருட்டும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

1 அக்டோபர், புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரண்டேமுக்காலுக்கு அக்கா கூடத்திலேயே பாய் விரித்துக் கண் மூடினார். நான் பின்னறைக்குப் போனேன். மூன்று மணிக்கு இணைத்தேன். கூடத்தில் சத்தம் இல்லை. சான்றை ஏற்றினேன். முதல் பக்கம் தாண்டியது. கைபேசியில் கட்டைவிரலால் அங்குள்ள கணினியில் தட்டச்சு செய்வது, ஊசியைக் கையுறை போட்டுக்கொண்டு கோர்ப்பது போல. ஒவ்வொரு எழுத்தும் நான் அழுத்தி மூன்று விநாடி கழித்துத்தான் வருகிறது. பெயர். துறை. பிறந்த தேதி. ஆய்வின் சுருக்கத்துக்கு வந்துவிட்டேன். மணி நாலு.

"ஏட்டி கனி! ஒனக்கு அம்பத்தெட்டு வயசா?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழுன்னு போட்டிருக்கே. பொன்னுவுக்கு மூத்தவளையா நாங்க கெட்டி வச்சோம்?"

எழுபத்தாறு. ஆறும் ஏழும் இடம் மாறிவிட்டன. அப்படியே அனுப்பியிருந்தால் வயது கூடிவிட்டது என்று அந்த இணையதளமே தள்ளியிருக்கும். ஆனால் அந்த நிமிடம் அது தோன்றவில்லை. கூடத்துக்குப் போனேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா..."

"நேத்து முழிச்சப்பவே நெனச்சேன். முப்பத்தாறு வருசம் பரீட்ச ஹால்ல காப்பியடிச்சவளுவள புடிச்சவ நான். என்ட்ட நீ ஒளிச்சா நடக்குமா? தொட்டியா?"

"தொடலை அக்கா."

"நானும் தொடல்ல. அப்பம் பூச முறியல்ல. சும்மா நிக்காம போய் மாத்து."

பின்னறைக்கு ஓடினேன். அதன்பின் நான் அங்கிருந்து தட்ட, அவர் கூடத்திலிருந்து திருத்தினார். "பின்கோடுல ஒரு எண் கொறையுது." "கேரளாவுக்க ஸ்பெல்லிங் பாரு." "இந்த வாக்கியம் கொள்ளாம்." நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இதற்குமுன் யாரும் என் ஆராய்ச்சியை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. முனைவர் பட்ட வழிகாட்டி உள்பட.

பிறகு வந்த குரல் தணிந்திருந்தது.

"எட்டு வாரம்னு இருக்கே. அப்பாவ ஆரு பாப்பா?"

ஒன்பது தடவை எழுதி அழித்தேனே, ஒரு வரியாவது ஞாபகம் வர வேண்டாமா?

"தெரியலை அக்கா" என்றேன்.

திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றது. நான்தான் அசைக்கவில்லை.

"மொதல்ல இத அனுப்பு. மணி நாலேகாலு."

4.21க்கு அனுப்பினேன்.

2 அக்டோபர், வியாழன்

பூசை எடுத்தாயிற்று. விசைகளுக்கு இடையிலெல்லாம் குங்குமம். பல் தேய்க்கும் பிரஷால் ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். மதிய வண்டிக்கு அக்கா கிளம்பிவிட்டார். மாமாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

6 அக்டோபர், திங்கள்

பட்டியலைக் கிளவுடில் ஏற்றிவிட்டேன். முன்பின் தெரியாதவன் வைத்துக்கொள்ளட்டும்.

9 ஜனவரி 2026, வெள்ளி

தேர்வாகியிருக்கிறேன். நான்கு தடவை படித்தேன். ஜாஸ்பினிடம் சொன்னதும் துறை அறையில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். நான் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

போகிறேன் என்று பதில் போட இருபது நாள் அவகாசம். அக்காவுக்கு எழுதினேன். வணக்கம், சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. "எனக்குக் கிடைத்துவிட்டது அக்கா. மே, ஜூன். நீங்கள் வந்தால்தான் போக முடியும்." இரண்டு நீல டிக்.

10 ஜனவரி

பதில் இல்லை.

11 ஜனவரி

இல்லை. இவரைக் கேட்கச் சொன்னேன். "நீ கேட்டது போதாதா?" என்கிறார். பயம்.

13 ஜனவரி, செவ்வாய்

அக்காவிடமிருந்து ஒரு சொல்: "பாத்தேன்."

இதற்கு என்ன அர்த்தம்? ஜாஸ்பினிடம் காட்டினேன். "இதுக்கு விண்டோஸ்ல ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

28 ஜனவரி, புதன்

நாளை அவகாசம் முடிகிறது. போகிறேன் என்று அனுப்பிவிட்டேன். என்ன துணிச்சலில் என்று தெரியவில்லை.

19 ஏப்ரல், ஞாயிறு

பயணத்துக்கு இன்னும் எட்டு நாள். காலையில் வாசலில் ஒரு வாடகைக் கார். ராஜமணி அக்கா இறங்கினார். இரண்டு பெட்டி, ஒரு குலை ஏத்தன் வாழைப்பழம், போர்வையில் சுற்றிக் கட்டிய ஒரு மிக்ஸி.

இவர் வாங்கப் போனார். "இங்க மிக்ஸி இருக்கே அக்கா."

"அது அவளுக்க மிக்ஸி. ரெண்டு மாசம் நான் அடுத்தவளுக்க மிக்ஸியில அரைக்கவா?" என்றவர், மாமாவின் அறைக்குள் போய்விட்டார். உள்ளே அவர் கட்டிலின் தலைமாட்டை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி அதட்டுவது கேட்டது.

நான் அடுக்களைக்குப் போய், மேடையில் இருந்த என் மிக்ஸியைத் துடைத்து, ஜார்களை எண்ணிப் பெட்டிக்குள் போட்டு, பரணில் ஏற்றினேன்.