மேப்பிள் மரத்தடிக்கு வந்த கலைமான்

என் உயிர் மச்சான் மரியதாஸ்,

நீ கண்ணை மூடினபிறகு வந்த முதல் டிசம்பர் இது. வில்லால் மான் வேட்டையாடும் சீசன் முடியப்போகிற நேரம். நத்தார் பண்டிகைக்கு மான் இறைச்சி கொண்டுவருவேன் என்று உன் மனைவி ஜெசிந்தாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மில்லிக்கனில் என் வீட்டிலிருந்து தனியாகக் காரை எடுத்தேன். பக்கத்து சீட்டில் நீ இல்லாமல் அந்த வழியே எனக்குப் பிடிக்கவில்லை.

நாம் வேட்டையாடும் காட்டின் சொந்தக்காரரான பண்ணைக்காரர், மானுக்காக நீ காத்திருக்கும் உன் இருக்கையை இன்னும் அவிழ்க்கவில்லை. அந்த மேப்பிள் மரத்தில் உயரே அப்படியே கட்டியிருக்கிறது. நான் எதிர்மரத்தில் ஏறி, இடுப்பு வாரைப் பூட்டிக்கொண்டு, அதைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

நம் இருவரில் குறி தப்பாதவன் நீதான். ஆனாலும் மான் வந்தால் என்னைத்தான் எய்ய விடுவாய். "நீ விடு மச்சான். நீ பிஸ்மில்லா சொல்லி விட்டால் ரெண்டு வீட்டிலயும் சட்டி ஏறும். நான் விட்டால் என்ர வீட்டில மட்டும்தான்" என்பாய். சிலுவை போட்ட வேதக்காரன் எனக்கு இஸ்லாம் மார்க்கம் படிப்பிக்கிறான் என்று உன்னை எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன்.

பொழுதுபடும் நேரம் அது வந்தது. நல்ல கொம்பு. நேரே உன் மரத்தடியில் நின்றது. காற்றே இல்லை, உன் இருக்கையிலிருந்து ஒரு பிடி பனி பொத்தென்று விழுந்தது. மான் தலையைத் தூக்கி மேலே பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. அங்கே என்ன இருந்தது மச்சான்?

நாணை இழுத்தேன். அம்பு போகும்போது என் வாயில் வந்தது இறைவன் பேர் இல்லை. "மரியதாஸ்" என்று வந்தது.

அம்பு பட்டால் கொஞ்ச நேரம் மரத்திலேயே இருப்பதுதான் நம் வழக்கம். அன்று உடனே இறங்கி, பனியில் சிந்திய ரத்தத்தின் வழியே ஓடினேன். மூச்சு இருந்தால் இறைவன் பேர் சொல்லி அறுத்து ஹலாலாக்கிவிடலாமே. தான் எய்த மான் சாகக்கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டு ஓடிய வேட்டைக்காரனை நீ கண்டிருக்கிறாயா? சீடர் மரங்களுக்குள் கிடந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

முழு மானையும் மோர்னிங்சைட்டில் உன் வீட்டுக்கே கொண்டுபோனேன்.

"உங்கட பங்கு எங்க, நிசார் அண்ணை?" என்று ஜெசிந்தா கேட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அவற்ற பேர் சொல்லி விழுத்தினதை நான் என்னெண்டு அண்ணை சமைப்பன்?"

எல்லாவற்றையும் பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நத்தாருக்கு நான் வெறுங்கையோடுதான் உன் வீட்டுக்குப் போனேன். தொழுகைக்கு நின்றால் இப்போதும் அந்த மான் மேலே பார்க்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், உன்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

அடுத்த சீசனும் ஏறுவேன். முதலில் இறைவன் பேரைச் சொல்லுவேன். அம்பு போய், மான் விழுந்து, நான் தரையில் கால் வைத்தபிறகு உன்னைக் கூப்பிடுவேன், இது சத்தியம். அதுவரைக்கும் நீ உன் மரத்தில் அசையாமல் இரு.

ஜெசிந்தாவுக்கு அண்ணனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
நிசார்