பெயர் போடாத கடைசிப் பாட்டு

என் செல்லத் தம்பி முத்து,

உங்கள் ஆல்பம் வந்துவிட்டதுடா. நீ ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போன பிறகு உன் பாட்டுக் குழுவில் ராஜேஷும் மற்றவர்களும் பாட்டை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. தாராவியில் நம் சந்து முழுக்க நீ எழுதிய வரிகள்தான். குரலும் பெயரும் ராஜேஷுடையவை.

பக்கத்து வீட்டு மேரி குழாயடியில் வைத்துச் சொன்னாள். "யக்கா, கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திராதீய. கொஞ்சம் பொறுத்தா ஒங்க முத்து வாரான். லிஸ்ட்ல பேரு கெடையாது, ஒளிச்சு வச்ச பாட்டு, ஹிட்டன் டிராக்காம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு. ஏன் என்று அப்போது புரியவில்லை.

"எம்புள்ள பாடிருக்கானா?" வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போனில் போட்டுக் கொடுத்தேன். கடைசிப் பாட்டு முடிந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நீ வந்தாய். "ஏல ராஜேஷு, ஒரே ஒரு தடவ மைக்கத் தால. எழுதுனது நாந்தானல, நாலு வரி பாடிக்கிடுதேன்."

"ஒன் தொண்டைக்கு மைக்கே செத்துரும்ல." அது ராஜேஷ்.

நீ பாடினாய். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கூடவே நீயும் சிரித்தாய். ஏன்டா சிரித்தாய்?

வாஷியில் ராஜேஷின் புது ஃப்ளாட்டுக்குப் போனேன். சோபாவில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தான். ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிடு என்றேன்.

"டென்ஷன் ஆவாதீங்கக்கா. சும்மா மஸ்திக்கு, தமாஷுக்குப் போட்டது. ஜனங்களுக்கு ஆல்பத்துல அதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. முத்துவ யாருக்குத் தெரியும் முன்னாடி? இப்ப பாருங்க, எல்லாருக்கும் தெரியும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் ரயிலில் ஒருத்தனின் போன் அடித்தது. உன் உடைந்த குரலும் அந்தச் சிரிப்பும்தான் ரிங்டோன்.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. "ஏட்டி, அந்தப் பயலுவ சிரிப்ப மட்டும் வெட்டி எடுத்துரலாமா? எம்புள்ள சத்தம் போதும்" என்றாள். பாட்டு எடிட் பண்ணும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கேட்டுவிட்டுக் கையை விரித்தார். உன் குரலின் மேலேயே சிரிக்கிறார்களாம், பிரிக்க வராதாம். உன் குரல் வேண்டுமானால் அவர்கள் சிரிப்போடுதான் கேட்க வேண்டும். அம்மா கேட்கிறாள், தினமும்.

அடுத்த மாதம் இங்கே மைதானத்தில் அவர்கள் கச்சேரி. போகலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "மொத வரிசைல எடம் பிடி" என்றாள்.

பிடிப்பேன். கூட்டம் அந்தக் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லிக் கத்தும். நானும் கத்துவேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ராஜேஷ் அதைப் போடட்டும், முடிந்தால் சிரிக்கட்டும். நம் அம்மாவை அங்கிருந்து எழுப்பமாட்டேன். இது சத்தியம்டா.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி அக்கா